முத்திரை வைக்காத வாக்குறுதி

அன்புள்ள சார்,

1536இல் வட இங்கிலாந்தில் நடந்த ‘அருள் யாத்திரை’ கிளர்ச்சி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதன் தலைவர் ராபர்ட் ஆஸ்க் மேல் ஏன் இவ்வளவு பரிவு என்று புரியவில்லை. டான்காஸ்டரில் அவர் பின்னால் முப்பதாயிரம் பேர். எதிரே அரசர் படையோடு நின்ற நார்ஃபோக் பிரபுவிடம் எட்டாயிரம் பேர் இருந்தாலே அதிகம். லண்டனுக்குப் போயிருந்தால் அரசர் எட்டாம் ஹென்றியின் கதை அத்தோடு முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு வாய்வார்த்தையை நம்பிக் கூட்டத்தைக் கலைத்தார், அரண்மனையில் கிறிஸ்துமஸ் கொண்டாடினார், அரசர் கொடுத்த சிவப்புப் பட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டார். ஒன்று ஏமாளி, இல்லாவிட்டால் விலைபோனவர். நீங்கள் எது என்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

விலைபோகவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து ஊருக்குத் திரும்பியதும் அவர் அரசருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. இங்கே ஜனங்கள் சந்தேகப்படுகிறார்கள், இப்படியே போனால் இது சண்டையில்தான் முடியும் என்று பயப்படுகிறேன் என்று எழுதுகிறார். காசு வாங்கியவன் இப்படி எழுதி வம்பை விலைக்கு வாங்க மாட்டான்.

ஏமாளி என்றால், சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதில் ஏமாந்தார் என்பதில்தான் நமக்குள் வித்தியாசம்.

லண்டனுக்கு ஏன் போகவில்லை? அக்டோபர் மழையில் டான் ஆறு பெருக்கெடுத்து ஓடியது என்று ஒரு காரணம் சொல்வார்கள், அதை விடுங்கள், ஆறு வடிந்துவிடும். அந்தக் கூட்டம் எடுத்துக்கொண்ட சத்தியத்தைப் பாருங்கள். ஆஸ்க் தன் கையால் எழுதியது. கடவுளுக்காகவும் திருச்சபைக்காகவும் வருகிறோம், அரசரையும் அவர் வாரிசையும் காப்போம், அவரைச் சுற்றியிருக்கும் கெட்ட ஆலோசகர்களை விரட்டுவோம் என்று போகிறது அது. கோபமெல்லாம் மடாலயங்களை மூடவைத்த அரசரின் முதன்மை அமைச்சர் தாமஸ் கிராம்வெல் மேல்தான், அரசர் நல்லவர், அவருக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்படிச் சத்தியம் செய்து திரட்டிய கூட்டத்தைத் திடீரென்று அரசர் மேலேயே ஏவ முடியுமா? பாதிப் பேர் அங்கேயே நின்றிருப்பார்கள். முன்வரிசையில் நின்ற பிரபுக்களும் நிலக்கிழார்களும் எல்லோருக்கும் முன்னால் வீட்டைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவர்களில் பலர் அப்போதே ‘எங்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்தார்கள்’ என்று சொல்லிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள்.

ஆகவே அக்டோபரில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஆறாதது டிசம்பர்.

பான்ட்ஃப்ராக்ட் கோட்டையில் கூடி 24 கோரிக்கைகள் எழுதுகிறார்கள். மடாலயங்கள் திரும்ப வேண்டும் என்பதிலிருந்து நில குத்தகை மாறும்போது கட்டும் பணம் குறைய வேண்டும் என்பது வரைக்கும் எல்லாம் இருக்கிறது. நார்ஃபோக் எல்லோருக்கும் மன்னிப்பு என்கிறார், நாடாளுமன்றம் கூட்டிக் குறைகளைப் பேசலாம் என்கிறார். (இவர் அக்டோபரிலேயே அரசருக்கு எழுதியிருந்தார்: கிளர்ச்சிக்காரர்களுக்கு நான் என்ன வாக்குக் கொடுத்தாலும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எதையும் காப்பாற்றப் போவதில்லை என்று.) ஆஸ்க் திரும்பி வந்து ஜனங்களிடம் விஷயத்தைச் சொல்கிறார். அவர்கள் நகரவில்லை. முத்திரை போட்ட மன்னிப்பைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டோம் என்கிறார்கள். கடைசியில் அரசரின் தூதர் வந்து மன்னிப்பைப் படித்துக் காட்டிய பிறகுதான் கூட்டம் கலைகிறது.

கவனித்தீர்களா? கேட்டவர்கள் உழவர்களும் தொழிலாளிகளும். ஆஸ்க் லண்டனில் சட்டம் படித்து வக்கீல் தொழில் பார்த்தவர். முத்திரை போட்ட அந்தத் தாளில் இருந்தது உயிருக்கு மட்டும் உத்தரவாதம். மடாலயங்கள் என்ன ஆகும், நாடாளுமன்றம் என்றைக்குக் கூடும் என்பதெல்லாம் வெறும் பேச்சோடு நின்றது. ஒரு வீட்டு வாடகைக்கே பத்திரம் கேட்டிருக்க வேண்டிய மனிதர், டிசம்பர் 8ஆம் தேதி டான்காஸ்டரில் நார்ஃபோக் முன்னால் மண்டியிட்டு, இனி என்னைத் தலைவன் என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லி, சட்டையில் குத்தியிருந்த, கிளர்ச்சியின் அடையாளமான கிறிஸ்துவின் ஐந்து திருக்காயச் சின்னத்தைப் பிய்த்து எடுக்கிறார். நாடாளுமன்றம் கூடுகிற நாள் வரைக்குமாவது பான்ட்ஃப்ராக்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசியிருக்கலாம், இரண்டாயிரம் பேர் போதும். அதைச் செய்யாததுதான் என் கணக்கில் அவர் தோற்ற இடம்.

ஜனவரியில் பிகாட் என்று ஒருவர், இந்த மன்னிப்பே ஏமாற்று என்று சொல்லி மறுபடி கிளம்பினார். அவரோடு சேராதீர்கள் என்று ஆஸ்க் தானே ஓடியோடித் தடுத்தார். பிகாட் சொன்னது சரி. ஆனால் அந்த அவசரக் கலகம்தான் வாக்கை மீற ஹென்றிக்குச் சாக்காகக் கிடைத்தது.

நம்பாதவர் கதையையும் பார்த்துவிடுங்கள். 1549இல் நாரிச்சில் இன்னொரு கிளர்ச்சியின் தலைவர் ராபர்ட் கெட்டிடம் மன்னிப்பைக் கொண்டுவந்து நீட்டினார்கள். குற்றம் செய்தவனுக்குத்தானே மன்னிப்பு, நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே என்று மறுத்தார். நகரத்தைப் பிடித்தார், முதலில் வந்த படையைத் துரத்தவும் செய்தார். டிசம்பரில் அவரையும் நாரிச் கோட்டையில் தொங்கவிட்டார்கள்.

ஆஸ்க்கை 1537 ஜூலை 12ஆம் தேதி யார்க்கில், சந்தை நாளில், ஊரே பார்க்கச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டிருந்தார்: முழுசாகச் செத்த பிறகு உடம்பை வெட்டுங்கள், உயிரோடு வேண்டாம். அதற்கு மட்டும் ஹென்றி சம்மதித்தார்.

அன்புடன்.