பயிற்சி பெற்ற பிறகும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பழைய கற்பித்தல் முறைக்கே திரும்புவது ஏன்?

குழந்தைகள் தாமே செய்து பார்த்துக் கற்கும் குழந்தை மையக் கற்பித்தலில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சில வாரங்களிலேயே பழைய முறைக்குத் திரும்பிவிடுவது ஏன், அவர்களுக்கு எத்தகைய ஆதரவு தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் பயிற்றுநராகப் பணியாற்றி வரும் எனக்குத் தெரிந்தவரை, பயிற்சி அரங்கில் ஒரு முறையை அறிமுகம் செய்ய மட்டுமே இயலும். அது கைவருவது ஆசிரியருடைய சொந்த வகுப்பறையில், அவருடைய மாணவர்களோடுதான். நேரமும் பணமும் அரங்கிலேயே செலவாகிவிடுவதால், வகுப்புக்குத் திரும்பிய ஆசிரியருக்குத் துணைநிற்க எவரும் இருப்பதில்லை.

ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. குழுக்களாக அமர்ந்து குழந்தைகள் செயல்பாட்டில் ஈடுபடும்போது, ஒரு குழுவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க உதவிக்கொண்டே, மற்றக் குழுக்களில் யார் வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார், யார் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுகிறார், யார் தொடங்கவே இல்லை என்பதையெல்லாம் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் இது தடுமாறத்தான் செய்யும். சத்தம் கூடும், பாடங்கள் பின்தங்கும். அந்த நாட்களில் தலைமையாசிரியர் சத்தத்தைக் கண்டித்தாலோ, பார்வையிட வரும் அலுவலர் முடித்த பாடங்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்டாலோ, ஆசிரியர் கரும்பலகைக்குத் திரும்புவதில் வியப்பொன்றும் இல்லை.

வகுப்பறைக்குள் கிடைக்கும் ஆதரவு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் தாய்மொழி வாசிப்புக்கான ஒரே வகைப் பாடக்குறிப்புகளையும் நூல்களையும் இரண்டு பள்ளித் தொகுதிகளுக்குத் தந்தார்கள். ஒன்றில் ஆசிரியர்களை மையத்துக்கு வரவழைத்துப் பயிற்சி அளித்தார்கள். மற்றொன்றில் வாசிப்புப் பயிற்றுநர்கள் வகுப்புக்கே சென்று உதவினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அளந்தபோது, வகுப்புக்குச் சென்று உதவிய தொகுதியில் குழந்தைகளின் முன்னேற்றம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பீகாரில் மேற்கொண்ட முயற்சியில், நூல்களும் பயிற்சியும் மட்டும் கிடைத்த பள்ளிகளில் கற்றல் உயரவில்லை. பின்னர் 2012-13இல் ஹரியானாவில், ஆசிரியர்களை வழிநடத்த வேண்டிய அலுவலர்களே முதலில் 15 முதல் 20 நாட்கள் வகுப்பெடுத்துப் பழகினார்கள். வாசிப்பு நிலைக்கேற்பக் குழந்தைகளைப் பிரித்துக் கற்பிக்கத் தனி நேரமும் ஒதுக்கப்பட்டது. குழந்தைகளின் மொழித்திறன் உயர்ந்தது. தான் செய்து பார்க்காத ஒன்றைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க வருபவரை எந்த ஆசிரியரும் நம்பமாட்டார் என்பதால், அலுவலர்கள் வகுப்பெடுத்த அந்த நாட்களை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

வகுப்புக்கு வருபவர் மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது. பாடத்தின் ஒரு பகுதியை அவரே நடத்திக் காட்டலாம்; பிறகு ஆசிரியர் நடத்தும்போது குழந்தைகளைக் கவனித்து, முடிந்ததும் ஒரே ஒரு செய்தியைப் பற்றிப் பேசலாம். எடுத்துக்காட்டாக, கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டினார். அது மூன்று நொடிக்கு மேல் நீண்டபோது குழந்தைகளின் விடைகள் நீண்டன, விடையே வராத கேள்விகள் குறைந்தன. இந்த ஒன்றை ஆசிரியர் இரு வாரங்கள் பழகினாலே போதும், அடுத்ததை அவராகவே கேட்பார்.

பயிற்சியின் உள்ளடக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்ண அட்டைகள் செய்யவும் பாட்டுப் பாடவும் கற்றுக்கொடுத்துவிட்டு அதையே குழந்தை மையம் என்று அழைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று ஒரு குழந்தை எழுதினால், அது கவனக்குறைவாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒன்றாம் இடத்தில் 2 சிறியது என்பதால் 8இலிருந்து 2ஐயும், பத்தாம் இடத்தில் 5இலிருந்து 3ஐயும் கழித்திருக்கிறது. சிறிய எண்ணைப் பெரியதிலிருந்து கழிக்க வேண்டும் என்ற விதியை அது தானாக உருவாக்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுகொள்ளும் ஆசிரியர் அதே கணக்கை மீண்டும் எழுதச் சொல்லமாட்டார். பத்துக்குச்சிக் கட்டுகளை எடுத்து, ஒரு கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று குழந்தையையே செய்து பார்க்க வைப்பார். ஆகவே பயிற்சி நாட்களில் பாதியையாவது குழந்தைகளின் குறிப்பேடுகளை ஆசிரியர்கள் சேர்ந்து படிப்பதற்குத் தர வேண்டும் என்பேன். பயிற்சியும் குழு விவாதமாகவே நடக்க வேண்டும்; குழுக் கற்றலைப் பற்றி நாள் முழுவதும் விரிவுரை கேட்டவர் விரிவுரையைத்தான் கற்றுச் செல்வார்.

ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் துணையாவதும் தேவை. கொலம்பியாவில் 1970களில் தோன்றிய எஸ்குவேலா நுயேவா (புதிய பள்ளி) என்ற திட்டத்தின் பள்ளிகளில், சிற்றூர் ஆசிரியர்கள் மாதிரிப் பள்ளிகளை நேரில் பார்ப்பதும், சிறு குழுக்களாகத் தொடர்ந்து கூடித் தம் வகுப்புச் சிக்கல்களைப் பேசுவதும் திட்டத்தின் உறுப்பாகவே இருந்தன. ஜப்பானிய ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவர்களைக் கவனித்துப் பின்னர் விவாதிக்கிறார்கள்.

பயிற்சித் திட்டம் உங்கள் பொறுப்பில் இருந்து, நிதியும் குறைவாக இருந்தால், அரங்க நாட்களைப் பாதியாகக் குறைத்து, மிஞ்சும் தொகையை வகுப்பறை வருகைகளுக்கு ஒதுக்குங்கள். எல்லாப் பாடங்களிலும் ஒரே நேரத்தில் மாற்றம் கேட்காமல், முதல் ஆண்டில் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பாடங்கள் தாமதமானால் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கப்படாது என்பதைத் தலைமையாசிரியர்களுக்கு எழுத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.