ஸ்கேன் நார்மல் என்றால் வலி பொய்யா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாள்பட்ட வலியும், அதனால் தாம்பத்தியத்தில் வரும் சிக்கலும்தான். வயதையும் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் எழுதுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன், எழுதுங்கள்.

*மாதவிடாய் நின்று மூன்று வருஷம் ஆகிறது. உறவின்போது காந்துகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (வயது 52, வில்லாபுரம்)*

தடவலாம். ஆணுறை போடுகிறவர்களுக்கு மட்டும் ஆகாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும். எண்ணெய் வழுக்கலைத் தரும், மெலிந்துபோன தோலைத் தேற்றாது. அதற்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே சோப்பு போட்டுக் கழுவவே வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள்.

*விடிவதற்குள் மல்லிகை எடுக்கப் போகிறவள். குனிந்து குனிந்து இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். ராத்திரி வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே பயம். (வயது 36, உசிலம்பட்டி பக்கம்)*

பயம் நியாயம்தான். குனிந்தால் வலிக்கிற இடுப்பு உங்களுடையது. முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுபோகிற மாதிரி எந்த நிலையும் வேண்டாம். மல்லாந்து படுத்தால் இடுப்பின் வளைவுக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். வலித்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும், இதை அவரிடம் முன்பே பேசி வையுங்கள். உட்காரும் இடம் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

*மனைவிக்கு உடம்பெல்லாம் வலி. ஆசையே இல்லை. ஆசை வர மாத்திரை எழுதவும். (திருமங்கலம்)*

தம்பி, அவருக்கு என்ன வயது, எத்தனை நாளாக வலி, என்ன மருந்து சாப்பிடுகிறார்? ஒன்றுமே இல்லை. உங்கள் கஷ்டம் மட்டும்தான் கடிதத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் வலிக்குக் கொடுக்கிற டுலோக்சிடின், அமிட்ரிப்டிலின் போன்றவை சிலருக்கு ஆசையைக் குறைக்கும், உச்சத்தையும் தள்ளிப்போடும். வலியில் தூக்கம் கெட்ட உடம்புக்கு ஆசை எங்கிருந்து வரும்? அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டையோடு டாக்டரிடம் போனால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். அடுத்த கடிதத்தை உங்கள் மனைவி எழுதட்டும்.

*ஸ்கூல் படிக்கும்போதிருந்தே மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பேன். கல்யாணமாகி நாலு வருஷம். உறவின்போது அடிவயிற்றின் ஆழத்தில் குத்துகிறது, மறுநாள்வரை வலிக்கிறது. இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தும் நார்மல். ஒரு பிள்ளை பெற்றால் சரியாகும் என்கிறார் மாமியார். (வயது 28, செல்லூர்)*

மாமியாரை விடுங்கள், படித்த டாக்டர்களே இதைத்தான் சொல்கிறார்கள். என் கோபம் அவர்கள் மேல்தான்.

நீங்கள் எழுதியிருப்பது எண்டோமெட்ரியோசிஸ் மாதிரி இருக்கிறது. பிள்ளை பெறும் வயதில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இது உண்டு. கர்ப்பப்பையின் உள்பக்கச் சவ்வு போன்ற திசு வெளியே, பெரும்பாலும் கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்கிற தசைநார்களில் ஒட்டி வளரும். ஆழத்தில் இடிபடும்போது குத்துவது அதனால்தான். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி (சாக்லேட் கட்டி என்பார்கள்) இருந்தால் ஸ்கேனில் தெரியும். அரிசி அளவில் பரவிக் கிடந்தால் சாதாரண ஸ்கேன் அதைக் காட்டாமலே போகலாம். ஸ்கேன் நார்மல் என்றால் ஸ்கேனில் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். வலி இல்லை என்று அர்த்தம் இல்லை. பெயர் தெரிவதற்கே ஏழெட்டு வருஷம் போய்விடுகிறது பலருக்கு.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு பெண் இதே வலியைச் சொல்லி வந்தாள். பரிசோதிக்கக் கை வைப்பதற்கு முன்பே அவள் கால் பெருவிரல்கள் மடங்கிக்கொண்டன, கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போனது. மூத்தவர் தலையைத் தூக்காமல், "குழந்தை பெத்துக்கோம்மா, எல்லாம் போயிடும்" என்றார். நான் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். கூடினாலே உயிர் போகிறது என்று வந்தவளிடம், கூடிப் பிள்ளை பெற்றால் வலி போகும் என்றோமே! அந்த மடங்கிய விரல்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

கர்ப்பத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி அடங்கும். பிறகு திரும்பி வரும். பிள்ளை மருந்தல்ல. ஹார்மோன் மாத்திரை வலியை நன்றாகக் கட்டுப்படுத்தும், ஆனால் இப்போதே குழந்தை வேண்டும் என்றால் ஒத்துவராது. அப்போது லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன் பற்றிப் பேசலாம், இதில் கை பழகிய மருத்துவரிடம் மட்டும். அடுத்த மூன்று மாதம் வலி வந்த தேதி, மாதவிடாய் தேதி, உறவுக்குப் பின் எத்தனை மணி நேரம் வலித்தது, மலம் போகும்போது வலித்ததா என்று காலண்டரிலேயே குறியுங்கள். அதைக் கொண்டுபோய் மேஜைமேல் வையுங்கள். அதைப் பார்க்காமல் பேசுகிற டாக்டர் வேண்டாம், வேறொருவரைப் பாருங்கள்.

*முடக்குவாதம். காலையில் கை கால் விறைத்துக் கிடக்கும், ராத்திரி அலுப்பு. எப்போதுதான் சேருவது? (வயது 34, மேலூர்)*

சாயங்காலமோ மத்தியானமோ, உங்கள் உடம்பு இளகியிருக்கிற நேரத்தில். வெந்நீரில் குளித்துவிட்டு, டாக்டர் தந்த வலி மாத்திரையை அரை மணி முன்னால் போடுங்கள். கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டால் சொல்லுங்கள், பிறப்புறுப்பு வறட்சியும் அதன் கூட வருவதுண்டு. மீதோட்ரெக்சேட் சாப்பிட்டால் கர்ப்பமாகக் கூடாது, குழந்தை வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றுங்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.

*கல்யாணமாகி எட்டு மாதம். அவர் தொட்டாலே அங்கே இறுகிக்கொள்கிறது. திமிர் பிடித்தவள் என்கிறார்கள். (வயது 25, சோழவந்தான்)*

கண்ணுக்கு நேரே விரலைக் கொண்டுபோனால் இமை தானாக மூடுகிறதே, அதைத் திமிர் என்பார்களா? உங்கள் இடுப்புத்தளத் தசையும் அப்படித்தான் தானாக இறுகுகிறது. வெஜினிஸ்மஸ் என்று பெயர், பெரும்பாலோருக்கு நன்றாகவே சரியாகும். அதற்கென்று பிசியோதெரபி இருக்கிறது. டைலேட்டர் என்கிற, உள்ளே வைத்துப் பழகும் வழுவழுப்பான குழலைச் சின்னதில் தொடங்கிப் படிப்படியாகப் பழக வேண்டும், அது உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். வெட்டிவிடலாம், மயக்கம் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். அதுவரை உறவுக்கு முயல வேண்டாம் என்று நான் சொன்னதாகவே கணவரிடம் சொல்லுங்கள். பரிசோதனைக்கு வரும்போது அவரும் வரட்டும்.