பென்சிலில் போட்ட பெருக்கல் குறி

கேள்வி: எனக்கு வயது 29. சட்டம் படித்துவிட்டு ஐந்து ஆண்டுகளாக சிவில் வழக்குகள் பார்க்கிறேன். செயற்கை நுண்ணறிவு, தரவுப் பாதுகாப்பு, இணையத் தளங்கள் போன்ற புதிய தொழில்நுட்பங்களுக்கான சட்டத்தை முதுகலையில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஓராண்டுப் படிப்பு. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மாதத்துக்கு ஒரு விதி மாறும் துறையில் இன்று படிப்பது நாளைக்கு உதவுமா என்று பயமாக இருக்கிறது. இது தனிப் பாடமே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். வீட்டில் எந்தத் தடையும் இல்லை. படிப்புக்கு வாங்கும் கடனின் விவரமெல்லாம் அப்பாவுக்குப் புரியாது. கடன் பத்திரத்தில் நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் பத்திரங்களை ஒப்படைக்க வேண்டும். நான் எடுத்தது சரியான முடிவுதானா?

பதில்: நிரல், மாறும் சட்டம், நண்பர்களின் பேச்சு எல்லாவற்றுக்கும் அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெருக்கல் குறியை முதலில் பேசுவோம்.

பத்திரம் எத்தனை பக்கம்? அதில் அப்பா எத்தனை பக்கம் படித்தார்? அவர் கையெழுத்துப் போட்டிருப்பது, நீங்கள் கட்டாவிட்டால் கட்டுகிறேன் என்று உத்தரவாதம் தருபவர் என்ற இடத்திலா, உங்களோடு சேர்ந்து கடன் வாங்கும் கூட்டுக் கடனாளி என்ற இடத்திலா? அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். ஜாமீன் நின்றவர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்த பிறகு, "காட்டிய இடத்தில் போட்டேன், வேறொன்றும் தெரியாது" என்று ஒரு பெரியவர் சொல்வதை இந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். அவருக்காக வாதாடக்கூட செய்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார் என்பது ஏன் கண்ணில் படவில்லை?

"அப்பாவுக்குப் புரியாது" என்கிறீர்கள். விளக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா, விளக்காமலே சொல்கிறீர்களா? இந்த வாக்கியம் எனக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி வருகிறது. மேல்படிப்பு, வெளிநாட்டு வேலை, வீடு விற்பது என்று விஷயம் எதுவானாலும், கடைசியில் "அவர்களுக்குப் புரியாது, ஆனால் சம்மதித்துவிட்டார்கள்" என்று முடியும். பாதிப் பேர் சொல்லிப் பார்த்ததே இல்லை. சொன்னால் கேள்வி வரும், கேள்வி வந்தால் நேரம் ஆகும், ஒருவேளை "வேண்டாம்" என்ற பதிலும் வரலாம். அந்தப் பயத்துக்குத்தான் "புரியாது" என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, நீங்கள் படிக்கப் போவதே சம்மதத்தைப் பற்றி என்பதுதான். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் சில வாரங்களிலேயே இது வந்துவிடும். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, சம்மதம் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. அது கட்டாயம் இல்லாமல் தரப்பட வேண்டும், இன்ன காரியத்துக்கு என்று இருக்க வேண்டும், விவரம் தெரிந்து தரப்பட வேண்டும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் அப்பாவின் கையெழுத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை தேறும்?

2019 அக்டோபரில் பிளானெட்49 என்ற வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு இணையதளம் தானே டிக் போட்டு வைத்திருந்த கட்டத்தைப் பயனர் மாற்றாமல் விட்டால் அது சம்மதம் ஆகாது என்றது. அந்த டிக்கும் உங்கள் பென்சில் குறியும் ஒன்றல்ல, அப்பா தன் கையால்தானே எழுதினார் என்று வாதாடுவீர்கள். சட்டப்படி சரிதான். கடன் கொடுப்பவருக்கும் அந்தக் கையெழுத்து போதும். ஆனால் ஒரு பெரிய நிறுவனம் முகம் தெரியாத பயனரிடம் காட்ட வேண்டிய நேர்மையைவிடக் குறைவானது மகள் அப்பாவிடம் காட்டினால் போதும் என்று நினைக்கிறீர்களா? அவர் உங்களை நம்பிப் போட்டார். நம்புகிறவருக்குத்தான் கூடுதலாக விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு இந்தக் கடமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கணினி அமைப்பு எந்தத் தகவலை வாங்குகிறது, எதை வைத்து ஒருவரைத் தரம் பிரிக்கிறது, தவறினால் யாரிடம் முறையிடுவது என்று கேட்கத் தெரிய வேண்டும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தைத் தேடிப் படியுங்கள். யார் மோசடி செய்யக்கூடும் என்று மதிப்பிட்ட முறையில் குடியுரிமையும் ஒரு காரணியாக இருந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டார்கள். படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டது போன்ற சின்னப் பிழைக்குக்கூட முழுத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே ராஜினாமா செய்தது. அங்கே சிக்கிய பெற்றோருக்கு வேண்டியிருந்தது, "எதை வைத்து இப்படி முடிவு செய்தீர்கள், காட்டுங்கள்" என்று விடாமல் கேட்கும் ஒரு வக்கீல். சிவில் வழக்கில் ஆவணத்தை வரி வரியாகப் பிரித்துப் படித்த பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. அது இங்கே பெரிய பலம்.

மாறிக்கொண்டே இருக்கும் சட்டத்தைப் பற்றி: விதிகள் மாறும், கேள்விகள் அவ்வளவு சீக்கிரம் மாறாது. உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் வந்தது. செல்போன் கிடையாது, இணையமும் இன்றுபோல் கிடையாது. ஒருவரைப் பற்றிய தகவலை எடுத்து வைத்திருப்பவருக்கு அவர் மேல் எவ்வளவு அதிகாரம் போய்ச் சேரும் என்ற கவலை அப்போதே இருந்தது. 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த ஐரோப்பிய செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தைப் பிரித்தால், ஆபத்து கூடக் கூடப் பொறுப்பும் கூட வேண்டும் என்பதுதான் அதன் முதுகெலும்பு. பொருள்களின் பாதுகாப்புக்கான சட்டத்தில் ஏற்கெனவே இருந்த யோசனைதான்.

நண்பர்கள் சொன்னது புதிதல்ல. 1996-இலேயே அமெரிக்க நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக், இணையத்துக்கென்று தனிச் சட்டப் பாடம் நடத்துவது குதிரைகளுக்கென்று ஒரு சட்டப் பாடம் நடத்துவது போல என்றார். குதிரை விற்பனை ஒப்பந்தச் சட்டத்தில் வந்துவிடும், குதிரை உதைத்தால் இழப்பீடு கேட்கத் தீங்கியல் சட்டம் இருக்கிறது, தனியாக எதற்கு என்பது அவர் வாதம். பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக் 1999-இல் பதில் எழுதினார்: மென்பொருள் எழுதப்படும் விதமே மனிதர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று ஒழுங்குபடுத்திவிடுகிறது, அதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று. நான் லெஸ்ஸிக் பக்கம். ஆனால் ஈஸ்டர்புரூக் சொன்னதில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. வெறும் புதுமையைத் துரத்தும் பாடங்களை மட்டும் எடுக்காதீர்கள். நிர்வாகச் சட்டம், போட்டிச் சட்டம், தீங்கியல் சட்டம் ஆகியவற்றில் ஒன்றையாவது ஆழமாகப் படியுங்கள். மற்றவை அதில் வேர் பிடிக்கும். ஆய்வேட்டுக்கு "செயற்கை நுண்ணறிவும் சட்டமும்" என்று அகலமாகத் தலைப்பு வைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடன் தரலாமா என்று கணினி மதிப்பிடும்போது, கடன் வாங்குபவருக்காக உத்தரவாதம் நிற்பவருக்கு என்ன விளக்கம் கேட்க உரிமை இருக்கிறது என்பதுகூட நல்ல கேள்விதான்.

இனி இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது. பத்திரம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள். அலைபேசியை வேறு அறையில் வையுங்கள். முதல் பக்கத்திலிருந்து தமிழில், அவர் பேசும் தமிழில், சொல்லுங்கள். படிக்கும் ஓராண்டுக்கும் வட்டி ஏறுமா, தவணை எந்த மாதம் தொடங்கும், வட்டி விகிதம் நடுவில் மாறுமா, உங்களுக்கு வேலை தாமதமானால் முதல் கடிதம் யார் பெயருக்கு வரும், எதை ஈடாக வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மிச்சக் கடன் யார் தலையில். கடைசிக் கேள்வியைத் தவிர்க்கத் தோன்றும். தவிர்க்காதீர்கள். அம்மாவும் கூட இருக்கட்டும். நான் பார்த்த வரை, பல வீடுகளில் கையெழுத்து அப்பாவுடையது, கணக்கு அம்மாவுடையது.

அவர் எங்காவது தயங்கினால் அந்தத் தயக்கத்தை அன்பால் அமுக்கிவிடாதீர்கள். தொகையைக் குறைக்கவோ, உதவித்தொகைக்கு விண்ணப்பித்து ஓராண்டு தள்ளிப் போகவோ வழி இருக்கிறதா என்று சேர்ந்து பாருங்கள். படிப்பு ஓராண்டு காத்திருக்கும். பழைய தாள்களைக் கிழித்துவிட்டுப் புதிய படிவம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் பென்சில் குறி வேண்டாம். எங்கே கையெழுத்துப் போடுவது என்று அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அப்போது அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று எனக்கு எழுதுங்கள்.