பிள்ளையைத் தூக்கினா மணிக்கட்டுல சுரீர்னுது!

கேள்வி: டெலிவரி ஆகி 3 மாசம். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி, பால் பாத்திரம்கூட இறக்க முடியல. மாமியார் வாயுங்கிறாங்க, எலும்பு தேஞ்சிருக்குமா டாக்டர்?

பதில்: ரெண்டும் இல்லம்மா. கட்டைவிரலை அசைக்கிற ரெண்டு தசைநாண் (தசையை எலும்போட இணைக்கிற நார்) ஓடுற உறை தடிச்சு இறுகியிருக்கும், டி குவெர்வெய்ன்னு பேரு. கட்டைவிரலை உள்ள மடக்கி முஷ்டி பிடிச்சு, மணிக்கட்டை மெதுவா சுண்டுவிரல் பக்கம் சாய்ங்க, உயிர் போற மாதிரி வலிச்சா பெரும்பாலும் இதேதான். கட்டைவிரலை விரிச்சு அக்குள்ல பிடிச்சு பிள்ளையைத் தூக்குறீங்க பாருங்க, அதான் வில்லன், இனிமே உள்ளங்கை மேல பாக்க அடியில கை குடுத்து அள்ளுங்க. கட்டைவிரலையும் சேத்துப் பிடிக்கிற ஸ்ப்ளிண்ட்டை (மணிக்கட்டை அசையாம வைக்கிற பட்டை) 4-6 வாரம் போட்டும் குறையலன்னா எலும்பு டாக்டர்கிட்ட ஸ்டீராய்டு ஊசி கேளுங்க, நிறைய பேருக்கு அதுலயே அடங்கிடும். எண்ணெய் போட்டு நீவுறேன்னு யாராவது வந்தா கையைக் குடுக்காதீங்க!