தொடை வழி இல்லாவிட்டால் இதய ஓட்டையை மூட முடியாதா?

கேள்வி: என் 9 வயது மகளுக்கு இதயத்தின் மேலறைச் சுவரில் 14 மி.மீ. ஓட்டை. தொடை வழியாக டிவைஸ் (ஓட்டையை அடைக்கும் சிறு கருவி) வைத்து மூடிவிடலாம் என்று கேத் லேபுக்குள் (ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறை) கொண்டுபோனார்கள். வயிற்றில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் பாதியில் நின்றுபோயிருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டுமா?
- ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. கழுத்து வழியாகவும் போகலாம், கல்லீரல் வழியாகவும் போகலாம்.

கால்களிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரை, சிலருக்குப் பிறவியிலேயே கல்லீரலுக்குக் கீழே நின்றுவிடும். ரத்தம் முதுகெலும்பை ஒட்டிய அசைகோஸ் சிரையில் ஏறி, மேல்பெருஞ்சிரையில் சேர்ந்து, மேலிருந்து இதயத்துக்குள் இறங்கும். ரத்தத்துக்கு இதனால் தொந்தரவில்லை, அதனால்தான் இத்தனை வருடம் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தொடையில் நுழையும் குழாய்க்குத்தான் சிரமம். மார்புவரை ஏறி, வளைந்து, மறுபடி கீழே இறங்கவேண்டும். அங்கேயே நிறுத்திக்கொண்டது சரியான முடிவு.

வலது கழுத்துச் சிரையிலிருந்து இதயத்துக்குத் தூரம் குறைவு, ஆனால் கோணம் இடைஞ்சல். மேலிருந்து வரும் குழாய் சுவரை ஒட்டியே இறங்கும். அப்போது இடது மேலறையில் விரித்த டிவைஸின் வட்டு சுவரில் படியாமல் குறுக்காகத் திரும்பி, ஓட்டை வழியே வலது பக்கம் நழுவப் பார்க்கும். நுனியை வெளியிலிருந்தே வளைக்கக்கூடிய குழாய் இருந்தால், உணவுக்குழாய்க்குள் செலுத்தி எடுக்கும் எக்கோ ஸ்கேனில் பார்த்தபடி சரிசெய்ய முடியும்.

கல்லீரல் வழியில் கோணம் நன்றாக அமையும். கீழ்ப்பெருஞ்சிரை நின்றுபோனவர்களுக்கும் கல்லீரல் சிரைகள் நேராக வலது மேலறையில்தான் திறக்கும். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே வலது விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்துவார்கள். டிவைஸ் வைத்து வெளியே வரும்போது, வந்த தடத்தைச் சிறு சுருளோ அடைப்பானோ வைத்து மூடுவார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிவதுதான் இதில் நான் அஞ்சும் ஆபத்து. குழந்தையை ஓர் இரவாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கவேண்டும்.

முதலில் மார்பு, வயிறு இரண்டுக்கும் சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். சிரைகள் எப்படிப் போகின்றன, மண்ணீரல் ஒன்றா பலவா, வேறு குறை உண்டா என்பதெல்லாம் தெரியும். அப்புறம், தயங்காமல் கேட்கவேண்டியது: "டாக்டர், கழுத்து வழியாகவோ கல்லீரல் வழியாகவோ நீங்கள் செய்திருக்கிறீர்களா?" இல்லை என்றால் இன்னொரு கருத்து கேளுங்கள். பெங்களூரிலேயே ஜெயதேவா போன்ற பெரிய இதய மருத்துவமனைகள் இருக்கின்றன. அவள் ஓடியாடி நன்றாக இருந்தால், இதற்காகச் சில வாரம் காத்திருப்பதில் பொதுவாக ஆபத்தில்லை.

ஓட்டையைச் சுற்றி டிவைஸ் பிடித்துக்கொள்ளப் போதுமான விளிம்பு இல்லையென்றால் எந்த வழியில் போனாலும் பயனில்லை. அப்போது ஆபரேஷனே நல்லது, அதை எண்ணிக் கலங்க வேண்டாம். சி.டி. படத்தை மட்டும் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் கையோடு காட்டுங்கள். உங்கள் மகளுக்கு, கல்லீரல் வழியாக வருவது தவிர, கீழ் உடம்பின் ரத்தம் முழுக்க அசைகோஸ் வழியாகத்தான் திரும்புகிறது. கத்தி வைக்கும் முன்பே அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.