பந்த வெளிச்சமும் செல்போனும்

கேள்வி: எங்கள் ஊர் சுடலைமாடன் கொடையில், நடுச்சாமத்தில் பந்தத்தோடு சாமி ஆடுவதை செல்போனில் எடுத்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பாராட்டு. ஸ்டுடியோ வைத்திருக்கும் சித்தப்பா மட்டும், "அமுக்குனா யாருக்கும் விழும்லே, இதுல என்ன கலை?" என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: சித்தப்பாவின் தொழிலே இந்தப் பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். 1859-இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், போட்டோ பிடிப்பதே தேறாத ஓவியர்களின் புகலிடம் என்று எழுதினார். 1888-இல் வந்த கோடாக் கேமராவோ, 'பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லியே விற்றது.

ஆனால் அந்த 'மீதி'யில்தான் சித்தப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு மீதி என்றால் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடுவது. இப்போது இருட்டில் நீங்கள் ஒரு தடவை அமுக்கினால், போன் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இருட்டைத் தூக்கி வெளிச்சமாக்கி, புள்ளி புள்ளியாகத் தெரிவதையும் வழித்துவிட்டு நீட்டுகிறது. பந்த வெளிச்சத்தில் சாமியாடி முகம் பாதி இருட்டில்தான் இருக்கும், பார்க்கிறவன் வயிற்றைக் கலக்குவதே அந்தப் பாதிதான். போனுக்கு அது தெரியாது, அது பாட்டுக்குப் பின்சுவர், பொங்கப்பானை, வேடிக்கை பார்க்கிற கூட்டம் எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டி நடுச்சாமத்தைச் சாயங்காலமாக்கிவிடும். உங்கள் படம் அப்படி வந்திருந்தால், எடுத்தது போன்தான், நீங்கள் இல்லை.

போன் திரையில் தெரிகிற பந்தத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்து, மற்றதெல்லாம் இருட்டிலேயே கிடக்கட்டும் என்று விட்டீர்களா? அப்படியென்றால் அது கலைதான், சித்தப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம். ஜூம் போடாமல் நாலு எட்டு கிட்டே போய் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. (வேட்டைக்குக் கிளம்புகிற சாமிக்குக் குறுக்கே மட்டும் நிற்காதீர்கள், அங்கே கலையெல்லாம் செல்லாது.)

அப்புறம், குரூப்பில் எத்தனை படம் போட்டீர்கள்? எடுத்ததையெல்லாம் கொட்டியிருந்தால், ஒரு ரோலுக்கு 36 என்று எண்ணி எண்ணி எடுத்த மனுஷனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, அவர் கடைக்கே கொண்டுபோய் 12க்கு 18 அளவில் பிரிண்ட் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போனதைக் கொடுக்காதீர்கள், போனில் இருக்கும் அசலைக் கொடுங்கள். காசு வேண்டாம் என்று சொன்னாரானால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.