டெர்மினலில் ஒரு செயலி: ஃப்ளட்டர் கேள்வி-பதில்

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் செயலி எழுத உதவும் ஃப்ளட்டரின் கட்டளை வரி பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த இதழில். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை முழுதாக நிறுவியாயிற்று. ஆனாலும் நிறுவலைச் சோதிக்கும் ‘ஃப்ளட்டர் டாக்டர்’ கொடுத்தால் ஆண்ட்ராய்டு டூல்செயின் (கருவிகளின் தொகுப்பு) வரியில் ஆச்சரியக்குறி விழுகிறது. இன்னும் என்ன குறை?

பதில்: பெரும்பாலும் கமாண்ட்-லைன் டூல்ஸ் இருக்காது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு அது தானாக வந்துவிடும் என்று நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எஸ்டிகே மேனேஜரைத் (எஸ்டிகே என்பது செயலி உருவாக்கும் கருவித் தொகுப்பு) திறந்து, ‘எஸ்டிகே டூல்ஸ்’ தாவலில் ‘ஆண்ட்ராய்டு எஸ்டிகே கமாண்ட்-லைன் டூல்ஸ்’ என்ற பெட்டியை டிக் செய்து ‘அப்ளை’ கொடுங்கள். அதன் பிறகுதான் ‘ஃப்ளட்டர் டாக்டர் --ஆண்ட்ராய்டு-லைசென்சஸ்’. வரிசையை மாற்றினால் உரிமக் கட்டளையே ஓடாது, ஏனென்றால் அது அந்த டூல்ஸைத்தான் கூப்பிடுகிறது. கேட்கும் ஒவ்வொரு உரிமத்துக்கும் ‘ஒய்’ அழுத்துங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ‘ஃப்ளட்டர் டாக்டர் -வி’ போடுங்கள். எந்த எஸ்டிகே கோப்புறையைப் பார்க்கிறது, எந்த ஜாவாவை எடுக்கிறது என்பது முழுப் பாதையோடு வரும். எஸ்டிகேயை வேறு இடத்தில் வைத்திருந்தால் ‘ஃப்ளட்டர் கான்ஃபிக் --ஆண்ட்ராய்டு-எஸ்டிகே’ என்று தட்டி, பக்கத்தில் சரியான பாதையைக் கொடுத்தால் போதும். விண்டோஸில் ஃப்ளட்டரை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் வைக்காதீர்கள். அங்கே எழுத நிர்வாகி அனுமதி வேண்டும். மற்றபடி குரோம், விஷுவல் ஸ்டுடியோ வரிகளில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் விட்டுவிடலாம். அவை வலைக்கும் விண்டோஸ் மேசைக் கணினிச் செயலிக்கும் உரியவை.

கேள்வி: புதிய புராஜெக்டை உருவாக்கும் ‘ஃப்ளட்டர் கிரியேட்’டில் நான் கொடுக்கும் பெயரை ஏற்க மறுக்கிறது. இப்போதைக்கு ஏதோ ஒரு பெயர் வைத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: சிறிய எழுத்து, எண், அடிக்கோடு ஆகிய மூன்று மட்டும்தான் செல்லும். பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. நடுக்கோடும், ஃப்ளட்டர் செயலிகளை எழுதும் டார்ட் மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்களும் கூடாது. முகப்பில் பயனர் பார்க்கும் பெயர் வேறு, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

மாற்ற முடியாதது அப்ளிகேஷன் ஐடி, அதாவது ஸ்டோரும் போனும் செயலியை அடையாளம் காணும் பெயர். பிளே ஸ்டோரில் ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அந்தச் செயலிக்குக் கடைசிவரை அதே ஐடிதான். ‘--ஆர்க்’ கொடுக்காமல் கிரியேட் செய்தால் ‘காம்.எக்ஸாம்பிள்’ என்று தொடங்கும் ஐடி உருவாகும். பிளே ஸ்டோர் அதை வாங்கவே வாங்காது. ஆகவே முதல் நாளே ‘--ஆர்க்’ போட்டு, உங்கள் இணையப் பெயரைத் தலைகீழாகக் கொடுங்கள்.

கேள்வி: கேபிளில் போனை இணைத்து ‘ஃப்ளட்டர் ரன்’ கொடுத்தால் எல்லாம் ஓடுகிறது. ரிலீஸ் ஏபிகேயை (வெளியீட்டுக்கான ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பை) நிறுவினால் சர்வரிலிருந்து ஒரு தகவலும் வருவதில்லை. நிரலில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லையே?

பதில்: நிரலில் பிழை இல்லை, அனுமதியில் இருக்கிறது. உங்கள் புராஜெக்டில், செயலிக்கு வேண்டிய அனுமதிகளை அறிவிக்கும் ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட் கோப்பு ஒன்றல்ல, மூன்று: மெயின், டீபக் (பிழை தேடும் முறைக்கு), புரொஃபைல் (வேகம் அளக்கும் முறைக்கு). இன்டர்நெட் அனுமதி வரி பின்னிரண்டில் மட்டும் தானாக எழுதப்பட்டிருக்கும். ஹாட் ரீலோடு (நிரல் மாற்றத்தை ஓடும் செயலியிலேயே காட்டுவது) போன்ற வேலைகளுக்குக் கட்டளைக் கருவி செயலியோடு பேச வேண்டும் என்பதற்காக வைத்தது அது. ரிலீஸ் பில்ட் மெயின் கோப்பை மட்டுமே பார்க்கும். அதில் அந்த வரி இல்லாததால் போன் இணையத்தை அடைத்துவிடுகிறது.

‘ஆண்ட்ராய்டு/ஆப்/எஸ்ஆர்சி/டீபக்’ கோப்புறையில் உள்ள மேனிஃபெஸ்டைத் திறந்து, ‘யூசஸ்-பெர்மிஷன்’ என்று தொடங்கும் வரியை அப்படியே நகலெடுங்கள். மெயின் மேனிஃபெஸ்டில் ‘அப்ளிகேஷன்’ டேகுக்கு மேலே, அதற்கு வெளியே ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் பலனில்லை.

இதுதான் காரணமா என்று உறுதி செய்ய ‘ஃப்ளட்டர் ரன் --ரிலீஸ்’ என்று ஓட்டிப் பாருங்கள். ‘சாக்கெட் எக்ஸெப்ஷன்: ஃபெயில்டு ஹோஸ்ட் லுக்கப்’ என்று பதிவானால் இதேதான். புரொஃபைல் முறையில் சோதித்தால் குறை தெரியாது, அங்கே அனுமதி இருக்கிறது. கடைக்குப் போகும் முன் ஒருமுறையாவது ரிலீஸ் முறையில் போனில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அனுமதி சரியாக இருந்தும் வரவில்லையென்றால் சர்வர் முகவரியைப் பாருங்கள். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதியிருந்தால் போன் தன்னையே தேடிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலிருந்து (கணினியில் ஓடும் மாதிரிப் போன்) உங்கள் கணினியை எட்ட 10.0.2.2 என்ற முகவரி. நிஜப் போன் என்றால், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கும்போது, கணினியின் வைஃபை முகவரி. இன்னொன்று: ‘அசர்ட்’டுக்குள் (நிபந்தனையைச் சோதிக்கும் வரி) எழுதியது ரிலீஸில் ஓடவே ஓடாது. அதற்குள் ஏதாவது வேலையை ஒளித்து வைத்திருந்தால் வெளியே எடுங்கள்.

கேள்வி: ‘ஃப்ளட்டர் ரன்’ ஓடும்போது ஹாட் ரீலோடுக்காக டெர்மினலில் ‘ஆர்’ அழுத்தினால் சில மாற்றங்கள் திரையில் வருவதில்லை.

பதில்: சின்ன ‘ஆர்’ செயலியின் நிலையை அப்படியே வைத்துக்கொண்டு திரையை மட்டும் மறுபடி வரையும். தொடக்கத்தில் ஓடும் ‘மெயின்’, ‘இனிட்ஸ்டேட்’ இரண்டும் திரும்ப ஓடாது. குளோபல், ஸ்டாட்டிக் மாறிகளின் தொடக்க மதிப்பும் மாறாது. அவற்றுக்குப் பெரிய ‘ஆர்’. புதிய பிளக்-இன் சேர்த்தாலோ மேனிஃபெஸ்டைத் தொட்டாலோ ‘க்யூ’ அழுத்தி நிறுத்திவிட்டு மறுபடி ‘ஃப்ளட்டர் ரன்’ கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைப் புதுப்பித்ததும் பழைய புராஜெக்ட் ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65’ என்று நின்றுவிட்டது. ‘ஃப்ளட்டர் கிளீன்’ பலமுறை போட்டும் பயனில்லை.

பதில்: கிளீன் இதைத் தீர்க்காது. அது ‘பில்ட்’, ‘.டார்ட்_டூல்’ போன்ற இடைக்கால கோப்புறைகளை அழிக்கும், அவ்வளவே. எந்த நோய்க்கும் அதையே மருந்தாகச் சொல்லும் பழக்கம் வீணாக நேரத்தைத் தின்கிறது.

அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள், ஜாவா பதிப்பு கிடைக்கும். 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் ஜாவா 17. ஆண்ட்ராய்டு பில்டை (நிரலைச் செயலியாகத் தொகுப்பதை) நடத்துவது உண்மையில் கிரேடில் என்ற கருவி. ஃப்ளட்டர் அதைக் கூப்பிடுகிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குள் இருக்கும் ஜாவாவையே ஃப்ளட்டர் எடுத்துக்கொள்ளும். ஸ்டுடியோ புதிதானதும் ஜாவாவும் புதிதாகிவிட்டது, உங்கள் கிரேடில் பழையது. ஜாவா 17-இல் ஓட கிரேடில் 7.3-ஆவது வேண்டும், ஜாவா 21-க்கு 8.5.

‘ஆண்ட்ராய்டு/கிரேடில்/ரேப்பர்’ கோப்புறையில் உள்ள ப்ராப்பர்டீஸ் கோப்பில் ‘டிஸ்ட்ரிபியூஷன்யூஆர்எல்’ என்ற வரியில் பதிப்பு எண்ணை உயர்த்துங்கள். கூடவே ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்-இன் பதிப்பும் அதற்குப் பொருந்த வேண்டும். அவசரத்துக்கு ‘ஃப்ளட்டர் கான்ஃபிக் --ஜேடிகே-டிர்’ மூலம் பழைய ஜாவாவைக் காட்டியும் ஓட்டலாம். ஆனால் அந்த அமைப்பு கணினியில் உள்ள எல்லா புராஜெக்டுக்கும் சேர்த்துத்தான். அதனால் கிரேடிலை உயர்த்துவதே எங்கள் தேர்வு.

கேள்வி: பிளே ஸ்டோருக்கு ஏபிகே அனுப்பினால் போதுமா? அளவும் பெரிதாக இருக்கிறது.

பதில்: புதிய செயலிகளுக்கு 2021 ஆகஸ்ட் முதல் ஆப் பண்டில்தான் (ஸ்டோர் ஒவ்வொரு போனுக்கும் ஏற்ற ஏபிகேயைப் பிரித்தெடுக்கும் தொகுப்பு). கட்டளை ‘ஃப்ளட்டர் பில்ட் ஆப்பண்டில்’. ஏபிகே பெரிதாக இருக்கக் காரணம், மூன்று வகைச் சிப்புகளுக்கான நிரலும் ஒன்றாக அதில் அடைபட்டிருப்பது. நேரடியாகக் கையில் கொடுக்க வேண்டுமானால் ‘--ஸ்ப்ளிட்-பெர்-ஏபிஐ’ சேர்த்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கையொப்பத்தை மறக்காதீர்கள். புதிதாக உருவான புராஜெக்டில் ரிலீஸ் பில்டும் டீபக் சாவியில்தான் கையொப்பமாகும். ஸ்டோர் அதைத் திருப்பிவிடும். ‘கீடூல்’ கொண்டு 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி ஒன்றை 10000 நாள் செல்லுபடியோடு உருவாக்குங்கள். சாவிக் கோப்பும் கடவுச்சொல் எழுதிய ‘கீ.ப்ராப்பர்டீஸ்’ கோப்பும் கிட்டுக்குள் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) போகவே கூடாது. அடுத்தடுத்து ஏற்றும்போது புராஜெக்டின் அமைப்புக் கோப்பான பப்ஸ்பெக்கில் பதிப்பு எண்ணின் கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ள எண் ஒவ்வொரு முறையும் ஏற வேண்டும். 1.0.0+1-க்கு அடுத்து 1.0.1+1 என்று போட்டால் மறுத்துவிடும், 1.0.1+2 செல்லும்.

கேள்வி: விண்டோஸ் கணினியிலிருந்தே ஐபோன் பில்ட் எடுக்க வழி உண்டா?

பதில்: இல்லை. ஐபோன் பில்டுக்குத் தேவையான ஆப்பிளின் எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். நிரலை விண்டோஸில் எழுதி ஆண்ட்ராய்டில் சோதித்துவிட்டு, ஐபோன் நிறுவல் கோப்பை உருவாக்கும் ‘ஃப்ளட்டர் பில்ட் ஐபிஏ’ கட்டத்துக்கு மட்டும் ஒரு மேக்கையோ, வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் மேக்கையோ பயன்படுத்துங்கள்.